கை வாசித்ததைக் கருவி திருப்பி வாசித்த வரலாறு

டிஜிட்டல் பியானோவின் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் பதிவாவது ஒலி அல்ல. எந்தக் கட்டை எந்த நொடியில் அமுங்கியது, எவ்வளவு வேகமாக அமுங்கியது, எப்போது விடுபட்டது, பெடல் எவ்வளவு நேரம் மிதிபட்டிருந்தது என்ற விவரங்களையே கருவி குறித்துக்கொள்கிறது. பிளே பட்டனை அழுத்தும்போது அந்தக் குறிப்பைக் கொண்டு அதுவே மறுபடி வாசிக்கிறது. ஒலியை விட்டுவிட்டு விரல்களின் செயலை மட்டும் பதியும் இந்த எண்ணம் கிராமபோனைவிட நூறாண்டுக்கு மேல் மூத்தது.

ஐரோப்பாவின் விசைப்பலகைக் கலைஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் மனோதர்மமாக நெடுநேரம் வாசிப்பவர்கள். வாசித்து முடித்ததும் அது காற்றோடு போய்விடும். அதைப் பிடித்து வைக்க ஓர் எழுதும் இயந்திரம் செய்ய முடியும் என்று விளக்கும் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1747-இல் வெளியிட்டது. எழுதியவர் கிரீட் என்ற பாதிரியார். சில ஆண்டுகளில், 1752-இல், பெர்லினில் ஹோல்ஃபெல்ட் என்பவர் அப்படி ஒன்றைச் செய்தே காட்டினார். ஒவ்வொரு கட்டையோடும் ஒரு பென்சில் இணைந்திருக்கும். கட்டை அமுங்கியிருக்கும் நேரமெல்லாம் அது ஓடும் காகிதத்தில் கோடு இழுக்கும். ஆனால் அந்தக் கோடுகளை ஒருவர் உட்கார்ந்து இசைக்குறியீடாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு எழுதத் தெரிந்ததே தவிர வாசிக்கத் தெரியவில்லை.

வாசிக்கும் இயந்திரம் வேறு வழியில் வந்தது. அமெரிக்காவின் எட்வின் வோட்டி 1895-இல் உருவாக்கிய பியானோலா, சாதாரணப் பியானோவின் முன்னால் நகர்த்தி வைக்கும் ஒரு பெட்டி. காலால் மிதித்தால் உள்ளே காற்று உறிஞ்சப்படும். துளையிட்ட காகிதச் சுருள் நகர நகர, துளை வந்த இடத்தில் காற்று புகுந்து, அதற்குரிய மர விரல் கட்டையை அழுத்தும். 1908-இல் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள் 88 சுரச் சுருளுக்குப் பொது அளவு வகுத்த பிறகு, ஒரு நிறுவனத்தின் சுருள் மற்றொரு நிறுவனத்தின் கருவியிலும் ஓடியது. ஆயினும் தொடக்ககாலச் சுருள்களின் துளைகள் அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து அளந்து இட்டவை. அவற்றில் எந்தக் கலைஞரின் கையும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்டே நிறுவனம். எட்வின் வெல்டேயும் கார்ல் போக்கிஷும் 1904-இல் கொண்டுவந்த வெல்டே-மின்யோன், வாசிப்பவரின் கால அளவை மட்டுமல்லாமல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் சுருளில் ஏற்றியது. அதன் அகன்ற சிவப்புச் சுருளில் 100 துளைத்தடங்கள். 80 சுரங்களுக்கு, மீதி அழுத்தத்துக்கும் பெடலுக்கும். இசையமைப்பாளர் மாலர் 1905 நவம்பரில் லைப்ஸிக்கில் நான்கு சுருள்கள் பதிந்தார். அவர் ஒலித்தட்டே தந்ததில்லை என்பதால் அவருடைய வாசிப்புக்கு இவை மட்டுமே சான்று. 1824-இல் பிறந்து, மெண்டல்சோனையும் ஷூமனையும் நேரில் அறிந்திருந்த பியானோ கலைஞர் ரைனெக்கின் கையும் சுருளில் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் சுருள் இசையறிஞர்களுக்குப் பெரிய கொடை. நீரில் மூழ்கிய பேராலயத்தைப் பற்றிய தம் படைப்பில் அவர் சில பகுதிகளை அச்சுத்தாள் காட்டுவதைவிட இரு மடங்கு வேகத்தில் வாசித்திருக்கிறார். அச்சில் விடுபட்ட ஒரு வேகக் குறிப்பு அந்தத் துளைகளால் தெரியவந்தது.

அக்காலத்து ஒலித்தட்டில் பியானோ மெலிந்து கேட்டது, ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே ஓடியது. சுருள் அதைவிட நெடிது ஓடும், ஒலிப்பதோ உண்மையான பியானோ. என்றாலும் சுருளை முழுதாக நம்பிவிட முடியாது. காற்றழுத்தம் கட்டைகளை இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டாகவே பிரித்துக் கையாண்டது. ஒரே பாதியில் ஒரே கணத்தில் ஒலிக்கும் சுரங்களில் ஒன்றை மட்டும் உயர்த்திக் காட்ட அதனால் இயலவில்லை. தவறான சுரங்களைத் துளையை ஒட்டியும் புதிதாக வெட்டியும் திருத்துவது வழக்கம். அமெரிக்காவின் டியோ-ஆர்ட், ஆம்பிகோ சுருள்களில் இந்தத் திருத்த வேலை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. வெல்டே தன் பதிவு முறையை வெளியிடாததால் பதிவின் துல்லியத்தைச் சரிபார்ப்பதும் கடினம். 1944 நவம்பர் குண்டுவீச்சில் அதன் தொழிற்சாலை அழிந்தது.

அதற்கு முன்பே வணிகம் சரிந்திருந்தது. 1925-இல் ஒலித்தட்டுப் பதிவுக்கு மின்முறை வந்தது, வானொலி வீடுகளில் புகுந்தது, 1929-இன் பொருளாதார வீழ்ச்சி மீதியை முடித்தது. சுருள் யுகத்தின் உண்மையான குறை இன்னொன்று: வீட்டில் பியானோ வைத்திருந்தவர் மாமேதைகளைக் கேட்டார், தம்மைக் கேட்கவில்லை. பதியும் கருவி நிறுவனத்தின் கூடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்தது வாசிக்கும் கருவி மட்டும்.

அந்தச் சுவரை உடைத்தது மிடி (MIDI) என்ற, மின்னிசைக் கருவிகளுக்கான பொதுமொழி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய இந்த மொழியில், 1983 ஜனவரியில் இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரு கேபிள் வழியாகப் பேசிக்கொண்டன. ஒரு சுரத்தின் தொடக்கத்துக்கு மூன்று பைட் போதும். கட்டைக்கு அடியிலுள்ள சென்சார்கள் அது இறங்கும் வேகத்தை அளந்து 1 முதல் 127 வரை ஓர் எண் தருகின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி எண் என்பதால், காற்றழுத்தத்தின் இரு பாதிப் பிரிவினை இங்கே மறைந்தது. 1987-இல் யமஹா அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய டிஸ்க்லேவியர், தந்தி பூட்டிய பியானோவிலேயே பதிந்து, கட்டைகளைத் தானே அசைத்துத் திருப்பி வாசித்தது. டிஜிட்டல் பியானோக்களில் அதே வசதி ஒரு பட்டனாகச் சுருங்கியது.

மாணவர் இடக்கையை மட்டும் பதிந்து, அது ஓட வலக்கையை வாசிக்கலாம்; சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கித் தடுமாறிய இடத்தைக் கேட்கலாம். வாசிக்கும்போது காதுக்குத் தப்பும் தாளப் பிசகு அப்போது ஒளிய இடமின்றி நிற்கும். ஆனால் மிடி பதிவில் ஒலி இல்லை. வேறொரு பியானோவில் ஓடவிட்டால் அந்தப் பியானோவின் குரலில், சற்றே மாறித்தான் கேட்கும். இதனால் பிற்கால மாடல்கள் பலவற்றில் பென்டிரைவில் ஒலியாகவே பதியும் வசதியும் சேர்ந்தது. பயிற்சிக்கு மிடி பதிவே மேல். ஒரு வாசிப்பை அன்று ஒலித்தபடியே காப்பாற்ற விரும்புபவர் ஒலிப்பதிவையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.