நர்ஸ் படிப்பா என்று கேட்பவர்களுக்கு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை விடாமல் பேசுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண், பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நீங்க வாத்தியார், நீங்க சொன்னா கேட்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று வீட்டார் போன் செய்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்ததில், எடுத்துச் சொல்ல வேண்டியது வீட்டாருக்குத்தான் என்று தோன்றியது.

இதே வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். 1986-இல் என் வகுப்பில் படித்த ஒரு மாணவி நர்சிங் போக ஆசைப்பட்டாள். அவள் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். "நல்லா படிக்கிற பிள்ளை, இதுக்கா அனுப்புறது? டீச்சர் டிரெயினிங்ல சேருங்க" என்றேன். சேர்த்துவிட்டார். அன்றைக்கு நர்சிங் பற்றி எனக்குத் தெரிந்தது ஊசி, வெள்ளைச் சீருடை, இரவு டியூட்டி, அவ்வளவுதான். வரலாறு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அந்தத் தொழிலின் வரலாற்றைப் படித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியதை நீங்களும் படித்திருப்பீர்கள். அடுத்த பதினோரு ஆண்டுகளில், 1871-இல், சென்னை பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. 1909-இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-இல் அதே வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. போர் கமிட்டி அறிக்கை வந்ததும் அந்த ஆண்டுதான். அன்றைய இந்தியாவில் சுமார் 7,000 நர்ஸ்கள், அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று அது கணக்குச் சொன்னது.

பள்ளி வந்தது, கல்லூரி வந்தது, பட்டமும் வந்தது. ஆனால் வார்டில் ஒரு விதி மட்டும் மாறவில்லை. டாக்டர் எழுதுவார், நர்ஸ் செய்வார். நோயாளிக்கு என்ன ஆகிறது என்று இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்திலிருந்து பார்க்கிறவர் நர்ஸ். அதைத் தன் முடிவாகச் சொல்ல மட்டும் அவருக்கு இடமில்லை. 1967-இல் லெனார்டு ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அனுபவமுள்ள நர்ஸ் என்ன மருந்து தேவை என்று டாக்டருக்கு உணர்த்த வேண்டும். ஆனால் அது டாக்டருக்கே தோன்றிய யோசனை போல இருக்க வேண்டும். இரண்டு பேரும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம் இது என்றார். நம் வீடுகளில் அம்மாக்கள் அப்பாக்களிடம் காரியம் சாதித்த விதம்தான். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமாகவும் இருந்தது.

இந்த ஆட்டம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் லொரெட்டா ஃபோர்டு. 1920-இல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் மருத்துவமனைப் பள்ளியில் நர்ஸ் டிப்ளமோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ விமானப்படையில் நர்ஸ். பிறகு கொலராடோ மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம், முதுகலை, 1961-இல் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். அங்கே போல்டர் பகுதிக் கிராமங்களில் பொதுச் சுகாதார நர்ஸாக இருந்தபோது, டாக்டர் இல்லாத ஊர்களில் குழந்தைகளைப் பார்க்கிறவரே இவர்தான். சளியா, நிமோனியாவா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும் அல்லவா? நர்ஸ்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குரிய பயிற்சியும் இல்லை, பெயரும் இல்லை.

1965-இல் ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். பட்டம் பெற்ற நர்ஸ்களுக்கு நான்கு மாதம் தீவிரப் பயிற்சி, பிறகு களப்பணி. குழந்தையை முழுமையாகப் பரிசோதிப்பது, இதயத்தையும் நுரையீரலையும் கேட்டு அறிவது, சாதாரண நோய்களைக் கையாள்வது, எதை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வது. 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயர் இப்படித்தான் பிறந்தது.

டாக்டர்கள் எதிர்த்தார்கள் என்று சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. நர்சிங் பேராசிரியர்களும் எதிர்த்தார்கள். மார்த்தா ராஜர்ஸ் போன்ற பெரிய அறிஞர்களே, இது நர்ஸ்களைத் தங்கள் தொழிலை விட்டு டாக்டருக்கு எடுபிடியாக்கும் என்று பயந்தார்கள். ஃபோர்டின் எண்ணம் வேறு. நர்ஸ் தன் வேலையின் எல்லை வரை போகிறாள், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

வழக்கம்போல் சட்டம் மெல்ல நடந்தது. 1971-இல் ஐடஹோ மாநிலம்தான் முதலில், நோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதும் இவர்கள் வேலையில் சேரும் என்று ஏற்றது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம், எல்லா இடங்களிலும் இவர்களுக்கு நேரடியாகப் பணம் தர 1997-இல் சட்டம் ஒத்துக்கொண்டது. அதுவும் டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம். இன்று அங்கே 3,85,000-க்கும் மேற்பட்ட நர்ஸ் பிராக்டிஷனர்கள் உண்டு. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமலே நோயாளியைப் பார்க்கலாம், மருந்து எழுதலாம். மற்ற மாநிலங்களில் இன்னும் வழக்கு நடக்கிறது. ஃபோர்டு 2025 ஜனவரியில் 104 வயதில் காலமானார். தான் நட்ட மரத்தின் நிழலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, நம் ஊரில்? ஏணி இருக்கிறது, சில படிகள் இன்னும் ஆடுகின்றன. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பட்டம். அதன் பிறகு எம்.எஸ்சி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே, மருத்துவமனையில் வேலை செய்தபடி கற்கும் இரண்டு ஆண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பை 2016-17 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. பட்டம் பெற்றுக் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்தவர்கள்தான் சேர முடியும். பிரசவத்துக்கு 18 மாதப் பயிற்சி 2017-இல் தெலங்கானாவில் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலாகவும் வந்துவிட்டது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற சொல் இருக்கிறது. கிராமத் துணை மையங்களில் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களாக உட்கார்ந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள்.

படிப்பு வந்த வேகத்தில் பதவி வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பல இடங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் படித்து வந்தவருக்குத் தனிப் பணியிடமும் இல்லை, தனிச் சம்பளமும் இல்லை. பழைய டியூட்டி அட்டவணையிலேயே பெயர் இருக்கும். மருந்தும் நிறுவனம் வகுத்த நெறிமுறைக்குள்தான். அமெரிக்கா போனால் என்ன என்பார்கள். அங்கும் முதலில் என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு எழுதி நர்ஸாகப் பதிவு, பிறகு முதுகலை அல்லது முனைவர் படிப்பு, தேசியச் சான்றிதழ்த் தேர்வு, மாநில உரிமம். குறுக்கு வழி கிடையாது.

எனவே வீட்டாருக்கு என் யோசனை இதுதான். சம்பளம் என்ன, வெளிநாடு உண்டா, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அதோடு இணைந்த மருத்துவமனையில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். படித்து முடித்ததும் இரண்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கட்டும். மேற்படிப்பு எதில் என்பதை அந்த வார்டே அவளுக்குச் சொல்லும்.

1986 மாணவி நல்ல ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். குறையேதும் சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன் நான் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பார்க்க வந்தாள். பேசிக்கொண்டே டிரிப்ஸ் போட்டிருந்த என் கையைத் தொட்டுப் பார்த்து, "சார், இந்த இடம் வீங்குது, நர்ஸைக் கூப்பிடுறேன்" என்று எழுந்து போனாள். எனக்கு வலி தெரிய ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். அவள் இந்தப் பதிவுகளைத் தவறாமல் படிக்கிறவள். அம்மா, அன்றைக்கு உன் அப்பாவிடம் நான் தெரியாத விஷயத்தில் யோசனை சொன்னேன். மன்னித்துக்கொள்.

எங்கள் வீட்டுப் பெண்ணே, நீ நர்சிங் விண்ணப்பம் போடு. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவ மாணவியர் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். அவள் படிப்பாள்.