சுவரில் ஒட்டிய கால அட்டவணை



போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பெரியக்காவின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். வந்தவர்களில் என் பழைய மாணவி ஒருத்தியும் இருந்தாள். இப்போது மதுரையில் மூளை, நரம்பு நோயாளிகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "டீச்சர், ஏழாங்கிளாஸ்ல எத்தனை ராஜா கதை சொன்னீங்க! எங்க வேலைக்கு ஒரு வரலாறு இருக்கா?"

இருக்கும் என்றேன். உடனே சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு நான் பெரிய கடன்பட்டவள். அது என்ன கடன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

நம் ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் இந்தியாவில் மூளை அறுவை சிகிச்சை ஒரு தனித் துறையாக வேர் பிடித்தது. 1949-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவர் கோட்டயத்துக்காரர். கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி அதே பணியைத் தொடங்கினார். மறு ஆண்டே இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. என் மாணவி கேட்டது வேறு.

அந்தக் காலத்தில் ஸ்கேன் கிடையாது. மனிதத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது 1971-இல், லண்டனில்தான் முதன்முதல். அதற்கு முன்பு மூளையில் கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிய, முதுகுத் தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதன்பின் நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். அப்போது தலையைப் பிடித்துக்கொண்டு கிண்ணம் ஏந்தி நின்றது யார்? கட்டியை எடுத்த பிறகு மண்டைக்குள் வீக்கமோ ரத்தக் கசிவோ ஏற்பட்டால் வெளியே தெரிவது சிறு அறிகுறிகள்தான். கூப்பிட்டால் எழுவது மந்தமாகும், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரியும், ஒரு கையின் பிடி தளரும். நள்ளிரவில் டார்ச் அடித்து அதைக் கண்டுபிடிப்பது நர்ஸ். அவர் சொன்னால்தான் டாக்டர் ஓடி வருவார்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிவிட்டார். 1946-இல் அது பட்டப் படிப்பாக வளர்ந்தது. ஆகவே சாண்டி வந்து சேர்ந்தபோது பயிற்சி பெற்ற கைகள் அங்கே தயாராக இருந்தன.

1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு டாக்டர்கள் ஓர் எளிய அளவுகோலை உருவாக்கினார்கள். கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். இன்றைய வழக்கில் குறைந்தது 3, அதிகம் 15. அதற்கு முன் "அரை மயக்கம்", "ஆழ்ந்த மயக்கம்" என்று ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். இப்போது பணி மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்தவரிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆயுள் முழுக்க மார்க் போட்டவள் நான். நான் போட்ட மார்க்கில் இரண்டு குறைந்தால் நீங்கள் வீட்டில் திட்டு வாங்கியிருப்பீர்கள். இந்த மார்க்கில் இரண்டு குறைந்தால் ஓர் உயிருக்கே ஆபத்து.

கட்டியையாவது அறுத்து எடுக்கலாம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் நோய்களுக்கு அந்த வழியும் இல்லை. கை நடுக்க நோயை 1817-இல் விவரித்து எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். லெவோடோபா மருந்து புழக்கத்துக்கு வர 1960-கள் வரை ஆனது. அந்தப் பொருளை 1937-லேயே நம்மூர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். (அதற்காக யாரும் விதையை அரைத்துக் குடிக்காதீர்கள். அளவு பிடிபடாது, ஆபத்து.) இந்த மருந்து நடுக்கத்தையும் விறைப்பையும் சில மணி நேரம் தணிக்கும். நோயை நிறுத்தாது. வேளை தவறினால் நோயாளி எடுத்த அடியிலேயே உறைந்து நிற்பார்.

என் பெரியக்காவுக்கு ஒன்பது ஆண்டுகள் இந்த நோய் இருந்தது. கடைசியில் படுத்த படுக்கை. நான் ராஜபாளையத்திலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போவேன். பாசம் இருந்தால் போதும் என்று நினைத்தோம். நிம்மதியாகத் தூங்குகிறாளே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மல்லாக்கவே விட்டுவிட்டோம். முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்தது. பார்த்தபோது உள்ளங்கை அகலம். அது எங்கள் அறியாமை. இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

லீவில் ஊருக்கு வந்திருந்த அந்த மாணவி எங்களைத் திட்டவில்லை. புண்ணுக்கு டாக்டரை வரவழைத்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கால அட்டவணை எழுதினாள்: 6 மணி இடப்பக்கம், 8 மணி வலப்பக்கம், 10 மணி மறுபடி இடப்பக்கம்... மாத்திரைக்குத் தனி வரிசை. "இருமலும் காய்ச்சலும் அடிக்கடி வருதே, தண்ணி நுரையீரலுக்குப் போகுது டீச்சர்" என்றாள். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியாக ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்கச் சொன்னாள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது என்றாள். நாலு மாதத்தில் புண் ஆறியது. அக்கா இன்னும் இரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தாள்.

அந்த இரண்டு மணி நேரக் கணக்குக்கும் வரலாறு உண்டு என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத் தண்டு அடிபட்ட போர் வீரர்களை இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று விதி செய்தார் லுட்விக் குட்மன். அதற்கு முன் அவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். குட்மன் விதியைச் சொன்னார். நடு இரவில் எழுந்து புரட்டியவர்கள் வார்டில் இருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இந்த வேலை மருமகள் தலையிலோ மனைவி தலையிலோ விழுகிறது. ஆண்பிள்ளைகளும் முறை போட்டு இரவில் எழுந்திருங்கள். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அட்டவணையை நாங்கள் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள். படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்