ஹலிபக்ஸில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று

மொன்றியாலில் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன என்றால் இங்குள்ள எம்மவரில் பலர் நம்பமாட்டார்கள். கடலிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊர் இது. எமக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுடன் உலாவப் போகும் பழைய துறைமுகம்தான். ஆனால் கிழக்கே மெய்சொன்னெவ் பகுதியில், 1911இல் தொடங்கப்பட்ட கனடியன் விக்கேர்ஸ் தளத்திலிருந்து, இரண்டாம் உலகப்போரின்போது போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் இறங்கின. அவற்றில் ஒன்று ‘ஷாம்ப்ளி’. 1941 செப்ரெம்பர் 10ஆம் திகதி, கிறீன்லாந்துக்கு அப்பால், ‘மூஸ் ஜோ’ என்ற இன்னொரு கப்பலுடன் சேர்ந்து அது யூ-501 என்ற நீர்மூழ்கியை முடித்தது. கனடியக் கடற்படையிடம் வீழ்ந்த முதலாவது ஜேர்மன் நீர்மூழ்கி அது. அதன் கப்டன் தன் ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு, ‘மூஸ் ஜோ’வின் தளத்துக்குத் தாவி ஏறிவிட்டார்.

‘ஷாம்ப்ளி’ இன்று இல்லை. கொர்வெற் எனப்படும் அந்த வகைச் சிறு காவற்கப்பல்களில் உலகத்தில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ‘சாக்வில்’ என்று பெயர். நியூ பிறன்ஸ்விக்கில் கட்டப்பட்டு 1941 டிசம்பரில் சேவைக்கு வந்தது. 1985இல் கடற்படை நினைவுச் சின்னமாக்கப்பட்டு, ஹலிபக்ஸில் நிற்கிறது. அதைப் பார்க்கவென்று மொன்றியாலில் றெயில் ஏறினேன். ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம்.

“நேவிக் கப்பலப் பாக்கவா காசு குடுத்து இவ்வளவு தூரம் போறீங்க?” என்றார் கல்லடியைச் சேர்ந்த நண்பர் ஒருவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தொடுவானத்தில் கடற்படைக் கப்பல் தெரிந்தால் வலையைக் கைவிட்டுக் கரைக்கு ஓடிய மனிதர்களின் ஊர்கள் எம்முடையவை. போர்க்கப்பலின் பீரங்கியில் கைவைத்துப் படம் எடுக்க எமக்கு இலேசில் மனம் வராது.

சாக்வில் நான் எண்ணியதைவிட மிகச் சிறியது. நீளம் 205 அடி. திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைத் தழுவி, சிறு தளங்களிலும் விரைவாகக் கட்டி முடிக்கக்கூடியதாக வரையப்பட்டது. இதற்குள் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஏணை கட்டியதுபோலத் தொங்கும் படுக்கைகள், அவற்றின் கீழேயே சாப்பாட்டு மேசை. ஈரப் புல்லில் விட்டாலும் இது உருளும் என்று மாலுமிகளே பகிடி சொல்வார்களாம். பின்தளத்தில் எண்ணெய்ப் பீப்பாக்களைப் போல் குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. குறித்த ஆழத்துக்குப் போய் வெடிப்பவை அவை. அந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். நீரில் தத்தளிப்பவர்களைத் தூக்கி எடுக்கக் கப்பலை நிறுத்தினால் நீர்மூழ்கிக்கு அது நல்ல இலக்கு. நிறுத்தாமல் குண்டைப் போட்டால் நீரில் கிடப்பவர்களும் சாவார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தது.

1943 செப்ரெம்பரில் சாக்வில்லும் ஷாம்ப்ளியும் ஒரே அணியில் இருந்தன. அதே அணியின் ‘செயின்ற் குருவா’ மூழ்கடிக்கப்பட்டது. கடலில் கிடந்தவர்களை ‘இச்சன்’ என்ற பிரித்தானியக் கப்பல் காப்பாற்றி ஏற்றியது. ஓரிரு நாட்களில் இச்சனும் போயிற்று. செயின்ற் குருவாவின் ஆட்களில் கடைசியில் மிஞ்சியவர் ஒருவர் மட்டுமே.

சாக்வில்லின் இனத்தில் ஒரு கப்பல் எமது கடலிலும் கிடக்கிறது. பெயர் ‘ஹொலிஹொக்’. இந்தப் போரை அத்திலாந்திக்கோடு மட்டும் சேர்த்துப் பேசுவது இங்குள்ளவர்களின் வழக்கம். எம்மவரோ அதைப் பேசுவதேயில்லை.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கையின் தெற்கே கொக்கலவிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தீவை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை அவர் சிறையில் இருந்தார். ‘இலங்கையைக் காத்தவர்’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலையில். அங்கிருந்து முதல்நாள் இரவே விலகிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’, ஒரு விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. 307 பேர் மாண்டனர். அவுஸ்திரேலியாவின் ‘வம்பயர்’ அடுத்தது. ‘அதெல்ஸ்ரேன்’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகச் சென்ற ஹொலிஹொக்கும் அதே நாளில் அதே கடலில் தாண்டது. ஹேர்மிஸிலும் வம்பயரிலும் தப்பி நீரில் கிடந்த ஏறக்குறைய அறுநூறு பேரை ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஜப்பானிய விமானங்கள் அதைத் தொடவில்லை.

ஹலிபக்ஸில் மே மாத முதல் ஞாயிறன்று அத்திலாந்திக் போரை நினைவுகூர்கிறார்கள். இறந்துபோன பழைய மாலுமிகளின் சாம்பலை சாக்வில்லில் ஏற்றிக் கடலில் கரைப்பார்கள். எங்கள் அஸ்தி கரைப்பும் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹேர்மிஸை அவர் அறிவார். தன்னுடைய ஊருக்கு நேரே கிடக்கும் கப்பல் அல்லவா! ஹொலிஹொக்கைக் கேள்விப்படவில்லை.

“மத்தக் கப்பல்ட பேரென்ன சொன்னீங்க?” என்று இருதரம் கேட்டார்.

இந்தக் கப்பல்களுக்குப் பிரித்தானியர் பூக்களின் பெயர்களையும் கனடியர் தம் ஊர்களின் பெயர்களையும் வைத்தார்கள். ஹொலிஹொக் ஒரு பூ. அதற்கு ஊரில் என்ன பேர் என்று அவர் கேட்க, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க் எக்ஸ்ரென்சனில் அவருடைய வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, ஒரு கிரேக்கக் கிழவியின் வேலியோரம், கோடையில் ஆளுயரத்துக்கு வளர்ந்து சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் செடி அது. கூட்டிப்போய்க் காட்டினேன்.