ஒன்லிஃபேன்ஸ்

2016-இல் லண்டனில் டிம் ஸ்டோக்லி தொடங்கிய இணையச் சந்தாத் தளம். சமையல், உடற்பயிற்சி, இசை எல்லாவற்றுக்கும் இடமுண்டு என்றாலும், பெயர் பெற்றது வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தால்தான். இதன் தாய் நிறுவனமான ஃபெனிக்ஸ் இன்டர்நேஷனலின் பெரும்பான்மைப் பங்குகளை 2018-இல் லியோனிட் ராட்வின்ஸ்கி வாங்கினார்.

முன்பு வயதுவந்தோர் உள்ளடக்கத் துறையின் லாபம் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும், விளம்பரத்தில் பிழைக்கும் இலவசக் காணொளித் தளங்களுக்குமே போனது. இங்கே 18 வயது நிறைந்த எவரும் அடையாளச் சான்று காட்டிக் கணக்குத் தொடங்கி, கைப்பேசியில் எடுத்த படங்களுக்குத் தாமே மாதச் சந்தா வைக்கலாம். வசூலில் 80 விழுக்காடு அவருக்கு, 20 தளத்துக்கு. சந்தா வெறும் நுழைவுச்சீட்டு. தனிச்செய்தியில் பூட்டி அனுப்பும் படத்துக்குத் தனி விலை, அன்பளிப்பு வேறு. சந்தாதாரர் விலை கொடுப்பது பெயர் சொல்லிப் பேசும் நெருக்கத்துக்கும் சேர்த்தே. அதுவும் பலவேளை பாவனைதான்: பெரிய கணக்குகள் சிலவற்றில் பதில் எழுதுவோர் முகமைகள் அமர்த்திய கூலியாட்கள்.

2020 கொரோனா முடக்கத்தில் வருமானம் இழந்த பலர் இதில் சேர்ந்தனர். ஆனால் பணம் சிலரிடமே குவிந்தது. தளத்துக்குள் புதியவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், ட்விட்டரிலோ ரெடிட்டிலோ முன்பே கூட்டம் சேர்த்தவர்களுக்கே சந்தா சேர்ந்தது.

2021 ஆகஸ்டில், வங்கிகளின் அழுத்தத்தால் வெளிப்படையான பாலியல் காட்சிகளை அக்டோபர் முதல் தடைசெய்வதாகத் தளம் அறிவித்தது. படைப்பாளர்களின் எதிர்ப்பால் ஒரு வாரத்துக்குள் அம்முடிவை நிறுத்திவைத்தது. மறுபுறம், சந்தாப் படங்களைத் திருடி வெளியில் பரப்புவது தீராத சிக்கலாகவே நீடிக்கிறது.