அச்சிட்ட மலரும் வண்ணமிட்ட கையும்

சென்ற பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன்பு, டாக்குரியாவில் நம்மவர் இல்லமொன்றில் குழந்தைகள் கூடி வாழ்த்து அட்டைகள் செய்தனர். துணிக்கு அச்சிடும் பழைய மரக்கட்டை ஒன்று ஊரிலிருந்து வந்திருந்தது. அதில் தாமரை செதுக்கப்பட்டிருந்தது. அக்காள் கட்டையை மையில் தோய்த்து அட்டையில் பதித்தாள். தம்பி தூரிகை எடுத்து இதழ்களுக்குச் செம்மையும் இலைக்குப் பசுமையும் ஊட்டினான். அட்டை முடிந்ததும் பூசல் மூண்டது. மூலையில் யார் பெயரை எழுதுவது? அச்சிட்டவள் பெயரா, வண்ணமிட்டவன் பெயரா? வழக்கு என்னிடம் வந்தது. சிறுவர் வழக்குத்தானே என்று நகைத்து விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், இந்தக் கல்கத்தா மாநகருக்கும் நம் சென்னைக்கும் இவ்வழக்கில் பழைய தொடர்பு ஒன்று உண்டு.

ஹூக்ளி நதிக்கு அப்பால், சிப்பூரில் உள்ள தாவரத் தோட்டத்தை அன்பர்கள் அறிவர். விடுமுறை நாளில் ஆலமரத்தைக் காணச் செல்லாத குடும்பம் நம்மில் அரிது. 1787-ல் தோன்றிய அத்தோட்டத்திற்கு 1793-ல் தலைவராக வந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அதற்கு முன் அவர் இருந்தது நம் சோழமண்டலக் கரையில். 1776-ல் சென்னை வந்திறங்கிய அம்மருத்துவர், பின்னர்ச் சாமர்லகோட்டையில் தங்கிச் செடிகொடிகளை ஆராய்ந்தார். இந்நாட்டு ஓவியரைப் பணிக்கு அமர்த்தி, பூத்த கொம்பை முன்னே வைத்து, அதனை உள்ளபடியே தீட்டச் செய்தார். அவ்வோவியங்கள் கப்பலேறி லண்டன் சென்றன. அங்கு ஜோசப் பேங்ஸ் என்ற அறிஞரின் மேற்பார்வையில், 300 படங்கள் கொண்ட ‘சோழமண்டலக் கரைச் செடிகள்’ என்னும் பெருநூல் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அந்நூலின் படங்கள் உருவான விதம் கருதத்தக்கது. வண்ணங்களையே அச்சில் ஏற்றும் முறை அந்நாளில் பரவலாக இல்லை. செப்புத் தகட்டில் கோடுகளைப் பொறித்து, மையிட்டு, தாளில் அழுத்தி எடுப்பர். வந்தது வெறுங் கோட்டுருவமே. அதன்பின் தாள்கள் வண்ணந்தீட்டுவோர் மேசைக்குச் செல்லும். தேர்ந்த கையொன்று முன்மாதிரியாக ஒரு படத்தைத் தீட்டி வைத்துவிடும். ஏனையோர் அதனைப் பார்த்து ஒவ்வொரு தாளாக நிரப்புவர். நீரில் கரைந்த மெல்லிய வண்ணமே ஏற்றது. தடித்த வண்ணமாயின் அடியில் உள்ள நுண்கோடு மறைந்துவிடும். முதலில் வெளிர்நிறம் முழுவதும் பரவும். அது உலர்ந்த பின் இதழின் அடியில் அடர்நிறம் சேரும். ஒளிபடும் இடத்தில் தாளின் வெண்மை அப்படியே விடப்படும். நிழல் மிகுந்த இடங்களில் சிறிது பிசின்நீர் தடவினால் பளபளப்பும் ஆழமும் கூடும். ஒரு நூற்படிக்கு 300 தாள் என்றால், எத்தனை கைகள் எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும்! அக்கைகளுக்கு உரியோர் பெயர் நூலில் இல்லை. நம் கரையில் அமர்ந்து மூலப்படங்களை வரைந்த ஓவியர் பெயரும் இல்லை. ராக்ஸ்பரோவின் பெயரும் பேங்ஸின் பெயரும் விளங்குகின்றன.

சென்னையில் பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1819-ல் வந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தாமே கல்லச்சுக் கலையைப் பழகிக்கொண்டு, தென்னாட்டுச் செடிகளின் படங்களைச் சென்னையிலேயே அச்சிடலானார். 1838-ல் தொடங்கி 1853-ல் நிறைவுற்ற அவருடைய பெருந்தொகுதியில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் வண்ணமில்லாதவை. ஆனால் அதே காலத்தில் அவர் வெளியிட்ட வேறு சில நூல்களின் படங்களுக்குக் கையால் வண்ணமூட்டப்பட்டது. அவருக்காக வரைந்தவர் முதலில் ரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து. வைட் இவர்கள் பெயரைப் படத்தின் அடியில் அச்சிட்டார்! இது சிறு செயலன்று. ஆர்க்கிட் வகைச் செடியொன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயியா’ என்றும் பெயர் சூட்டினார். பிற்காலத்து அறிஞர் அச்செடியை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டமையின், அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. நூலகங்களில் எஞ்சிய படங்களின் அடியில் மட்டும் ஓவியர் பெயர் நிலைத்திருக்கிறது. எனினும் அச்சிட்ட தாளில் பச்சையும் மஞ்சளும் நிரப்பியவர் யார் என்பதை அந்நூல்களும் சொல்லவில்லை.

சென்னையில் இவ்வாறாக, கல்கத்தாவின் வடபகுதியில், சித்பூர்ச் சாலையை அடுத்த பட்தலையில், எளிய மக்களுக்கான அச்சுத் தொழில் செழித்தது. படங்களோடு கூடிய முதல் வங்க நூலாகிய ‘அன்னதாமங்கல்’ 1816-ல் கங்காகிஷோர் பட்டாச்சார்யரால் வெளியிடப்பெற்றது. பின்னர் மரக்கட்டையில் செதுக்கிக் கருமையில் அச்சிட்ட தனிப்படங்கள் பெருகின. தெய்வ உருவங்களும், ஊர் வம்புகளும், கையில் ரோஜா ஏந்திய நங்கையரும் அவற்றில் காட்சியளித்தனர். அச்சிட்ட தாளின்மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமும் விரைந்த கையால் பூசப்பட்டன. சில படங்களில் வண்ணம் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். குறைந்த விலைக்கு விற்ற படம் அது. நுணுக்கம் பார்க்க நேரமேது? காளிகாட்டுப் பட்டுவர்கள் அச்சின்றியே தூரிகையால் வரைந்தவராயினும், அங்கும் குடும்பத்தினர் பலர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். வெள்ளீயப்பொடியைக் கலந்து நகைகளுக்கு வெள்ளிமினுக்கு ஏற்றியதும் அவர்கள் கைத்திறமே.

இதே முறை கடல் கடந்தும் வழங்கிற்று என்பதைக் குழந்தைகள் கேட்டு வியந்தனர். விற்பனைக்கென முதலில் அச்சான கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டது. ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். சுமார் 1,000 அட்டைகள் கல்லச்சில் அச்சாகிக் கையால் வண்ணம் பெற்றன. விலை ஒரு ஷில்லிங். அதாவது, வைட்டின் ஏடுகளுக்குச் சென்னையில் வண்ணமூட்டிய அதே நாட்களில், லண்டனிலும் ஒரு மேசையில் அதே வேலை நடந்தது.

பிறகு வண்ணக் கல்லச்சு வந்தது. 1878-ல் அரசினர் ஓவியப் பள்ளியின் பழைய மாணவர் சிலர் கூடிக் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினர். வண்ணமுள்ள தெய்வப் படங்கள் அச்சிலிருந்தே வெளிவரலாயின. ஜெர்மனியிலிருந்தும் மலிவான படங்கள் வந்து குவிந்தன. பட்தலை மரக்கட்டைகளுக்கும் காளிகாட்டுப் படங்களுக்கும் வாங்குவோர் குறைந்தனர். வண்ணமிட்டே வயிறு வளர்த்தோர் வேறு தொழில் தேடினர். மலிவும் ஒழுங்கும் வந்தமைக்கு நாம் மகிழலாம். நம் வீட்டுப் பூசையறைப் படங்களும் அவ்வழி வந்தவையே. எனினும், கோட்டைத் தாண்டி ஓடிய அந்தச் சிவப்பின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டென்பதை ஒளிக்க மாட்டேன்.

இக்கதையெல்லாம் கேட்ட பின் தம்பி, “அப்படியானால் மாமா, இரண்டு பேர் பெயரும் எழுத வேண்டும்” என்றான். அக்காள் சற்று எண்ணி, “கட்டையைச் செதுக்கினவர் பெயர்?” என்று கேட்டாள். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் கைபட்டு வழவழப்பாகியிருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. ஊரில் உள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதிக் கேட்பதென்று முடிவாயிற்று. தாமரையின் கீழே இரண்டு பெயர்களை எழுதி, மூன்றாவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.