ஒரு டால்ஃபின், ஒரு ஊர், முப்பத்தேழு வருஷ வியாபாரம்

அயர்லாந்து மேப்பை எடுத்துத் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கெர்ரி மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் விரலை நீட்டியது போல ஒரு தீபகற்பம் தெரியும். அதில் இருக்கிற சின்னத் துறைமுக ஊர்தான் டிங்கிள். மக்கள் தொகை சுமார் 2,000. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுகிற கூட்டம்! இந்த ஊருக்கு 1983 முதல் 2020 வரை ஒரு 'ஊழியர்' இருந்தார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, காண்ட்ராக்டில் கையெழுத்தும் கிடையாது. பெயர் ஃபங்கி. அவர் ஒரு டால்ஃபின். (தமிழில் ஓங்கில் என்று அழகான பெயர் உண்டு. ஆனால் 'ஓங்கில்' என்றால் எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியாததால் டால்ஃபினே இருக்கட்டும்.)

ஃபங்கி வருவதற்கு முன்னால் டிங்கிள் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் மற்றது புரியும். 1891-ல் திறந்த ட்ரலீ - டிங்கிள் குறுகிய ரயில் பாதைதான் ஊரை வெளி உலகத்தோடு இணைத்தது. 1939-ல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சரக்கும் மாடுகளும் மட்டும். கடைசியில் மாதம் ஒரு முறை மாட்டுச் சந்தைக்காக ஓடியது, 1953-ல் அதுவும் நின்றது. அதே 1953 நவம்பரில்தான் பக்கத்தில் இருந்த கிரேட் பிளாஸ்கெட் தீவில் மிச்சமிருந்த கொஞ்சம் பேரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டு வந்து குடியேற்றியது. டாக்டர் இல்லை, இளைஞர்கள் இல்லை, புயல் அடித்தால் வாரக்கணக்கில் கரைக்கு வர முடியாது. தோமாஸ் ஓ கிரிஹின், பெய்க் சேயர்ஸ் என்று ஐரிஷ் மொழி இலக்கியத்தில் மறக்க முடியாத பெயர்களைத் தந்த தீவு அது. இன்று கோடைக்காலத்தில் படகில் போய் அந்தப் பாழடைந்த வீடுகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம். ஒரு காலத்தில் பிழைக்க வழியில்லாமல் விட்டு வந்த இடம், இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிற இடம்! சுற்றுலா என்கிற வியாபாரத்தின் விசித்திரம் இதுதான்.

அடுத்த திருப்பம் சினிமாவில் வந்தது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்த டேவிட் லீன், 1969-ல் 'ரயன்ஸ் டாட்டர்' படத்துக்காக இந்தத் தீபகற்பத்துக்கு வந்து சேர்ந்தார். டன்க்வின் பக்கத்தில் ஒரு முழு கிராமத்தையே கல்லால் கட்டினார்கள். வானம் மேகமாக வேண்டும் என்றால் மேகத்துக்காகக் காத்திருப்பு, புயல் வேண்டும் என்றால் புயலுக்காகக் காத்திருப்பு. லீன் அப்படித்தான். ஷூட்டிங் இழுக்க இழுக்க ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். தச்சு வேலை, துணை நடிகர் வேலை, தங்க அறை என்று கையில் காசு புரண்டது. படம் 1970-ல் வந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டாலும் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த ஒளிப்பதிவுதான் டிங்கிளுக்கு விளம்பரம். மக்கள் அந்தக் கடற்கரையைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

சரி, ஹீரோவுக்கு வருவோம்.

1983-ல் துறைமுகத்தின் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர், மீன்பிடிப் படகுகள் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் ஒரு டால்ஃபின் கூடவே வருவதைக் கவனித்தார். டால்ஃபின் வருவது அதிசயமில்லை. போகாமல் இருந்ததுதான் அதிசயம். டிங்கிள் துறைமுகத்தின் வாய் ரொம்பக் குறுகலானது, இரண்டு பக்கமும் பாறை. அந்த வாயிலேயே அது தங்கிவிட்டது. பொதுவாக டால்ஃபின்கள் கூட்டமாக வாழ்பவை. ஆனால் எப்போதாவது ஒன்று கூட்டத்தை விட்டு வந்து, ஒரே இடத்தில் தனியாக, மனிதர்களோடு பழகி வாழும். இப்படிப்பட்டவற்றை ஆய்வாளர்கள் 'தனித்த டால்ஃபின்' என்கிறார்கள். ஏன் அப்படி வருகின்றன என்பதற்கு உறுதியான பதில் இல்லை. ஃபங்கி ஆண், பாட்டில்மூக்கு வகை. மீனவர் ஒருவர் தாடி வளர்க்கப் பார்த்து அது பூஞ்சை மாதிரி வந்ததாம், அவரைக் கேலி செய்த பெயர்தான் டால்ஃபினுக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஊரில் ஒரு கதை.

முதலில் வந்தது நீச்சல்காரர்களும் டைவிங் ஆட்களும்தான். அப்புறம் செய்தி பரவியது. மீனவர்கள் சீக்கிரமே கணக்குப் போட்டார்கள். மீன் கிடைப்பது நிச்சயமில்லை, விலை நிச்சயமில்லை. ஆனால் துறைமுக வாயில் ஒரு டால்ஃபின் நிச்சயமாக இருக்கிறது! படகுகள் வலையை இறக்கிவிட்டு டூரிஸ்டுகளை ஏற்றின. சுமார் பத்துப் படகுகள் இந்தத் தொழிலுக்கு வந்தன. அவர்கள் கொடுத்த வாக்குறுதிதான் இந்தக் கதையிலேயே சுவாரசியமானது: ஃபங்கியைப் பார்க்காவிட்டால் பணம் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கத் திமிங்கிலம், டால்ஃபின் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரிய பிரச்சினை, அன்று அது வருமா வராதா என்பதுதான். நாலு மணி நேரம் அலையில் ஆடி, வாந்தி எடுத்து, ஒன்றும் பார்க்காமல் திரும்பினவர்கள் ஏராளம். டிங்கிளில் துறைமுகத்தை விட்டு வெளியேகூடப் போக வேண்டாம். ஒரு மணி நேரம் போதும், டீசல் செலவு கம்மி. குழந்தையோடு வருபவர்களும் பயப்பட வேண்டாம். ஒருநாள் பயணமாக வந்தவர் காலையில் ஃபங்கியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஸ்லே ஹெட் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம். அப்படி வந்தவர்களால் ஹோட்டல், பப், ஸ்வெட்டர் கடை எல்லாம் பிழைத்தன. 2000-ல் துறைமுகத்தருகே ஃபங்கிக்கு வெண்கலச் சிலையே வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே சிலை வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை என்பது வேறு விஷயம்.

ஊரின் பெயருக்கே விற்பனை மதிப்பு வந்துவிட்டது. ஐரிஷ் மொழி பேசும் பகுதி என்பதால் 2005-ல் அரசாங்கம் 'அன் டங்யன்' என்பதை மட்டும் சட்டப்படியான பெயர் ஆக்கியது, சாலைப் பலகைகளிலிருந்து 'டிங்கிள்' போய்விட்டது. டூரிஸ்டு எந்தப் பலகையைப் பார்த்து வருவான்? மொழிப்பற்று ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம் என்று ஊர் கொதித்தது. 2006-ல் ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு மொழிப் பெயரும் வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். சட்டம் அவர்களுக்கு இணங்க 2011 வரை ஆனது.

இவ்வளவு நேரம் ஊரின் லாபக் கணக்கு. டால்ஃபினின் கணக்கு என்ன?

ஒரு காட்டு விலங்கைச் சுற்றித் தினமும் பத்துப் படகு ஓடினால் அதற்கு நல்லதா என்ற கேள்வி டிங்கிளிலும் எழுந்தது. இதே கதை வேறு ஊர்களில் எப்படி முடிந்தது என்று பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். நியூசிலாந்தின் ஒப்பனோனி கிராமத்துக்கு 1955 - 56 கோடையில் ஓப்போ என்ற பெண் டால்ஃபின் வந்தது. குழந்தைகளோடு பந்து விளையாடியது. அந்தச் சின்னக் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. யாராவது துன்புறுத்திவிடுவார்கள் என்று பயந்து ஊர்க்காரர்கள் பாதுகாப்புச் சட்டம் கேட்டார்கள். 1956 மார்ச் 8 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. மார்ச் 9 அன்று ஓப்போ பாறை இடுக்கில் செத்துக் கிடந்தது. வெடி வைத்து மீன் பிடித்தவர்களால் செத்தது என்று பலர் நம்பினார்கள், முடிவாக எதுவும் நிரூபணமாகவில்லை. ஒரே ஒரு கோடைக்காலம்!

ஆஸ்திரேலியாவின் மங்கி மியா இன்னொரு விதம். 1960-களில் மீனவர்கள் டால்ஃபின்களுக்கு மீன் போடப் போய், அது பெரிய சுற்றுலாவாக வளர்ந்தது. மீனுக்காகக் கரையோரமே காத்திருந்த தாய்களின் குட்டிகள் அதிகமாகச் செத்தன. அதனால் 1990-களின் நடுவில் யாருக்கு, எவ்வளவு, எப்போது மீன் என்று கடுமையான விதிகள் வந்தன. அங்கே படகுச் சவாரியும் உண்டு. இரண்டு படகு நிறுவனங்கள் இயங்கிய பகுதியில் டால்ஃபின்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்ததை 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அரசாங்கம் இரண்டு லைசென்ஸை ஒன்றாகக் குறைத்தது. ஒரு தொழிலுக்கு மூலதனமே குறைகிறது என்று காட்டிய பிறகு லைசென்ஸைக் குறைத்த அரசாங்கம், எந்த நாட்டிலும் அபூர்வம்.

இவற்றோடு ஒப்பிட்டால் ஃபங்கிக்கு அதிர்ஷ்டம்தான். அது யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே மீன் பிடித்துத் தின்றது. வேண்டாம் என்றால் போக வழி திறந்தே இருந்தது, வலையோ தொட்டியோ இல்லை. அயர்லாந்தும் 1991-ல் தன் கடல் முழுவதையும் திமிங்கில, டால்ஃபின் சரணாலயமாக அறிவித்திருந்தது. 2019-ல் உலகிலேயே அதிக காலம் வாழ்ந்த தனித்த டால்ஃபின் என்று கின்னஸ் ஃபங்கியின் பெயரைப் பதிந்தது. 'இது பழைய ஃபங்கி இல்லை, நடுவில் வேறு டால்ஃபின் மாறிவிட்டது' என்று கிசுகிசுத்தவர்களும் உண்டு. முப்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் யார் மேலும் சந்தேகம் வரும்தானே!

பிறகு 2020. கொரோனாவால் டூரிஸ்டுகள் நின்றார்கள். படகு சத்தம் இல்லாமல் ஃபங்கிக்குத் தனிமையாக இருக்கும் என்று சில படகுக்காரர்கள் சும்மாவாவது கடலுக்குப் போய் வந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபர் நடுவில் ஃபங்கியைக் காணவில்லை. படகுகள் தேடின, டைவர்கள் பாறைக் குகைகளுக்குள் இறங்கித் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. வயசு குறைந்தது நாற்பதை ஒட்டி இருந்திருக்கும். இந்த வகை டால்ஃபினுக்கு அது நல்ல வயசு.

கணக்குப் பதிவியலில் எந்தச் சொத்துக்கும் தேய்மானம் எழுதுவார்கள். படகுக்கு எழுதியிருப்பார்கள், இன்ஜினுக்கு எழுதியிருப்பார்கள். உண்மையில் வருமானம் கொண்டு வந்த சொத்து மட்டும் யாருடைய ஐந்தொகையிலும் இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லை, இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாது, மாற்று வாங்க முடியாது. அதற்கு வயசாகிறது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாளைக்கு இருக்கும் என்றே முப்பத்தேழு வருஷம் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு நாளும் அது வந்ததே!

காணாமல் போனது கொரோனா வருஷத்தில் என்பதால், எந்த நஷ்டம் எதனால் என்று பிரிப்பதும் அப்போது கடினமாக இருந்தது. ஊர் ஒன்றும் காலியாகிவிடவில்லை. கல் குடிசைகள் இருக்கின்றன, ஸ்லே ஹெட் இருக்கிறது, 2016-ல் பக்கத்து சிபில் ஹெட்டில் ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்பு வேறு நடந்திருந்தது. படகுகள் துறைமுக வாயைத் தாண்டி வெளியே போகத் தொடங்கின. பிளாஸ்கெட் தீவுகளைச் சுற்றி சீல்கள், பஃபின் பறவைகள், கோடையில் மிங்க் திமிங்கிலங்கள், கூட்டமாகத் துள்ளும் சாதாரண டால்ஃபின்கள் எல்லாம் உண்டு. ஆனால் இது வேறு தொழில். ஒரு மணி நேரச் சவாரி மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. திறந்த அட்லாண்டிக்கில் போக வேகமான படகு வேண்டும், டீசல் பல மடங்கு. காற்று அடித்தால் அன்றைய சவாரியே ரத்து. கைக்குழந்தையோடு வந்தவர்களும் வயசானவர்களும் அந்தப் படகில் ஏறத் தயங்குவார்கள்.