மூக்குத்தண்டு வளைவுச் சீரமைப்பு

மூக்குத்தண்டு வளைவுச் சீரமைப்பு (செப்டோபிளாஸ்டி) என்பது, மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் வளைந்து மூச்சைத் தடுக்கும்போது அதனை நேராக்கச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை ஆகும். மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றும் ரைனோபிளாஸ்டி இதனின்று வேறானது.

தேவை

சிறிதளவு வளைவு பெரும்பாலானோரிடம் உண்டு; தொல்லை தராதவரை சிகிச்சை வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருப்பது வளைவைச் சுட்டும். பக்கம் மாறி மாறி அடைப்பது இயல்பானதாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். ஒவ்வாமையால் வரும் தும்மலும் நீரொழுகலும் இவ்வறுவையால் நீங்கா. இதை அறியாமல் செய்துகொள்வோரே பின்னர் ஏமாற்றமடைகின்றனர். வளைவால் மூச்சடைப்பு உள்ளவர்களிடம் நெதர்லாந்திலும் (203 பேர், 2019) பிரித்தானியாவிலும் (378 பேர், 2023) நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வுகளில், அறுவையில்லாச் சிகிச்சையைவிட அறுவை கூடுதல் பயன் தந்தது.

செய்முறை

ஃபிரீர் (1902), கில்லியன் (1904) ஆகியோர் விவரித்த பழைய முறையில் குருத்தெலும்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. தாங்கலை இழந்ததால் சிலருக்கு மூக்கு பின்னாளில் குழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாரிஸ் காட்டில் முதலானோர் குருத்தெலும்பை இயன்றவரை காக்கும் முறையைப் பரப்பினர். இன்று துவாரத்தின் உள்ளேயே கீறி, சளிச்சவ்வை உயர்த்தி, வளைந்த பகுதி மட்டும் நீக்கப்படுகிறது அல்லது நிமிர்த்தப்படுகிறது. மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் ஏறத்தாழ 1 செ.மீ. அகலப் பட்டை தாங்கலாக விடப்படும். வெளியே தழும்பு இராது.

குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. சளிச்சவ்வே அதற்கு ஊட்டமளிக்கிறது. இரண்டிற்கும் இடையே இரத்தம் தேங்கினால் குருத்தெலும்பு அழியக்கூடும். அறுவைக்குப் பின் இருபுறமும் அடைப்பும் வலியும் கூடிவந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டியது இதனாலேயே. நடுச்சுவரில் துளை விழுதல், மேல் முன்பற்களில் தற்காலிக மரப்பு ஆகியவை பிற சிக்கல்கள்.

மீள்நலம்

மூக்கில் பஞ்சு வைத்திருந்தால் ஓரிரு நாட்களில் எடுக்கப்படும். உள்தகடு வைத்திருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அகற்றப்படும். வீக்கத்தால் முதல் வாரத்தில் அடைப்பு முன்னிலும் மிகுந்து தோன்றும். இது தோல்வியன்று. மருத்துவர் கூறியபடி உப்புநீரால் கழுவி வரவேண்டும். ஏறத்தாழ இரு வாரங்களுக்கு மூக்கைச் சிந்துதல், பளு தூக்கல், புகைபிடித்தல் கூடா. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். முழுப்பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம்.

தொலைவில் அறுவை செய்துகொள்வோர் மறுபரிசோதனைப் பயணங்களையும் கணக்கிற் கொள்ளவேண்டும். காரைக்காலிலிருந்து புதுச்சேரி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறத்தாழ 130 கி.மீ. ஆகும். ஜிப்மரின் காரைக்கால் கிளைக் கல்லூரி 2016இல் தொடங்கப்பட்டது. எங்கு அறுவை நடந்திருப்பினும், இரத்தம் கசிந்தால் நிமிர்ந்து அமர்ந்து, தலையைச் சற்று முன்சாய்த்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். நிற்காவிடில், அறுவை செய்த இடத்தைத் தேடிப் பயணிக்காமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.